உட்பட நால்வர்

புதன்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடம். கணினித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கார். அதன் கூரை மேல்நோக்கிப் பிளந்திருந்தது. முன்கண்ணாடி இல்லை. முன்சக்கரங்களில் ஒன்று காற்றுக்கூடப் போகாமல் அப்படியே இருந்தது. சாரதி பக்கக் கதவு திறந்திருந்தது. தெருவின் மறுகரையில் ஒருவர் நின்று அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மற்றக் கையில் பேக்கரியில் பாண் வாங்கிய பை.

படத்தின் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரிகள். மேற்காசியாவில் ஒரு நகரத்துக்கு வெளியே, ஆயுதக் குழு ஒன்றின் தலைவர் போன வாகனத்தை ட்ரோன் தாக்கியிருக்கிறது. அவரும் மேலும் நால்வரும் இறந்துவிட்டார்கள். தலைவரின் வயது, பிறந்த ஊர், முன்பு தப்பிய இரண்டு தாக்குதல்கள், அவருக்குப் பதிலாக வரக்கூடியவர்கள் எல்லாம் அடுத்த ஆறு பந்திகளில் இருந்தன. நால்வரைப் பற்றி வேறெதுவும் இல்லை.

நான் வேலை செய்வது புலம்பெயர்ந்தவர்களுக்கான ஒரு தமிழ் வார இதழில். வோபர்னில் ஒரு பிளாசாவின் மேல்தளம். கீழே சேலைக் கடை, இடியப்பம் கட்டிக் கொடுக்கும் ரேக்-அவுட் கடை, வீட்டுக்கடன் முகவர் ஒருவரின் கண்ணாடி அறை. இதழின் பெரும்பாலான பக்கங்களில் வீடு விற்பவர்கள் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே கிடைக்கும் இடத்தில் உலகச் செய்திகளைப் போடுவது என் பொறுப்பு. செவ்வாயும் புதனும் முழுநாள் வேலை, வியாழன் அரை நாள். புதன் பின்னேரம் பக்கங்கள் அச்சுக்குப் போகும்.

தலைப்பை எழுதினேன்: ‘ஆளற்ற விமானத் தாக்குதலில் ஆயுதக் குழுத் தலைவர் உட்பட நால்வர் பலி.’

‘பலி’ என்ற சொல்லைப் பழைய செய்தி மேசைக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கொல்லப்பட்டார் என்றால் ஒரு பகுதி வாசகர்கள் கூப்பிட்டு ஏசுவார்கள். கொல்லப்பட்டான் என்றால் மற்றப் பகுதி. பலி என்பதற்கு ‘ஆர்’ விகுதியும் இல்லை, ‘ஆன்’ விகுதியும் இல்லை.

எட்டேகாலுக்கு அவர் வந்தார். எங்கள் பக்க வடிவமைப்பாளர். ஐம்பத்து மூன்று வயது. கிளிநொச்சிப் பக்கம். மகளோடு அகதியாக வந்து பன்னிரண்டு வருடங்கள், இந்த அலுவலகத்தில் பத்து. பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். குளிர்காலத்தில் வந்தவுடன் அவர் செய்யும் முதல் வேலை கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் மேலே தூக்கிக் கழற்றுவது. இழுத்துக் கழற்றினால் பொட்டு கலைந்துவிடும். பிறகு கதவுக் கண்ணாடியில் நெற்றியைப் பார்ப்பார். குங்குமப் பொட்டு, ஐந்து சத நாணயத்தின் அளவில். நான் அவரைத் தங்கச்சி என்பேன். அவர் என்னை அண்ணை என்பார்.

அரை மணி நேரம் கழித்து அவருடைய மேசையிலிருந்து குரல் வந்தது.

“அண்ணை, உதில ஒராள் குறையுது.”

“எதில?”

“கார்ப் படத்தில. இங்கிலீசில தலைவரும் ஃபோர் அதர்சும் எண்டு கிடக்கு. அப்ப மொத்தம் அஞ்சு பேர். நீங்கள் உட்பட நால்வர் எண்டு போட்டிருக்கிறியள். உட்பட எண்டா அந்தாளும் நாலுக்குள்ளதானே வருவார்?”

எழுந்துபோய்ப் பார்த்தேன். சரிதான். ஆங்கிலம் தலைவரை ஒருபக்கமும் நால்வரை மறுபக்கமும் வைத்திருந்தது. நான் தலைவரைத் தூக்கி நால்வருக்குள் போட்டிருந்தேன். உட்பட்டவர் போக மூவர்தான் மிச்சம்.

“முப்பது வருசம் பேப்பரில இருந்தனான் எண்டு சொல்லுறியள்,” என்றார்.

“அதாலதான் பிழை வருது.”

எங்கள் முதலாளி அப்போதுதான் கோப்பியோடு உள்ளே வந்திருந்தார். நாற்பது வயது. வீட்டு விளம்பரங்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரர். என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார்.

“நாலோ அஞ்சோ, ஆர் அண்ணை உதை எண்ணப் போறான்?”

“வீட்டில இருக்கிற ஆக்கள் எண்ணுவினம்,” என்றார் தங்கச்சி, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளி ஒரு வாய் கோப்பி குடித்தார். பிறகு, “அதை விடுங்கோ. இதென்ன ஆளற்ற விமானம்? நாதியற்ற மாதிரிக் கிடக்கு. ட்ரோன் எண்டு போடுங்கோவன், சின்னப் பெடியனுக்கும் விளங்கும்,” என்றார்.

“எல்லாரும் ஆளில்லா விமானம் எண்டு போடுகினம். அண்ணைக்கு மட்டும் ஆளற்ற,” என்றார் தங்கச்சி.

“ரெண்டிலயும் ஆள் இல்லைத்தானே அக்கா?”

“ஆள் எங்கையோ இருந்து பாத்துக்கொண்டுதான் இருப்பான். நாங்கள் வண்டு எண்டுதான் சொல்லுறனாங்கள். அது தலைக்கு மேல நிண்டு சுத்தும். சத்தம் வண்டு மாதிரி. பாத்திட்டுப் போயிடும். அதுக்குப் பிறகு கிபிர் வரும்.”

வன்னியில் இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். அந்தக் காலத்து வண்டு குண்டு போடாது. போட வேண்டிய இடத்தைக் காட்டும். குண்டு போடப் பின்னால் கிபிர் என்ற போர் விமானம் வரும். இப்போது இரண்டு வேலையையும் ஒன்றே செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தலைப்பைத் திருத்தினேன். ‘உட்பட ஐவர் பலி.’ ஒரு மாற்றத்துக்காக ட்ரோன் என்றும் போட்டேன். நாலு மணிக்குப் பக்கங்கள் போயின.

மறுநாள் வியாழன். இதழ் வெளியான பிறகு அலுவலகத்தில் பெரிய வேலை இருக்காது. அந்த நேரத்தில் நாங்கள் கல்யாணக் கார்டுகளும் நினைவஞ்சலி மலர்களும் வடிவமைப்போம். அன்று அவருடைய திரையில் இருந்தது அவருடைய மகளின் கல்யாணக் கார்டு.

பகல் பன்னிரண்டரைக்கு மகள் வந்தாள். வயது இருபத்தேழு. மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை. பின்னேர ஷிஃப்டுக்குப் போகும் வழியில் கார்டைப் பார்க்க இறங்கியிருந்தாள். காரைப் பிளாசாவில் எஞ்சினை நிறுத்தாமல் விட்டுவிட்டு வந்தாள், அதிக நேரம் இருக்கப்போவதில்லை என்பது போல.

“அம்மா, அவையள் திரும்ப கோல் பண்ணினவை.”

அவையள் என்றது மாப்பிள்ளை வீட்டார். மட்டக்களப்புப் பக்கம். எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு சிக்னல் தள்ளி வீடு. நல்ல மனிதர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா, ‘அமரர்’ போடுவதா? கார்டு அவர்களுடைய சொந்தக்காரர் எல்லோருக்கும் போகும். திரு என்று போட்டால், கல்யாண மண்டபத்தில் ஆள் எங்கே என்று கேட்பார்கள். மணவறையில் யார் தாரை வார்ப்பது என்பதையும் ஐயரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

திரையில் ‘திரு’ என்று இருந்தது.

“அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ,” என்றாள் மகள் என் பக்கம் திரும்பி. “எனக்கு எது எண்டாலும் ஓகே. ஐ ரியலி டோன்ட் கேர். பட் ஒண்டை பிக் பண்ணச் சொல்லுங்கோ. ஷீ வோன்ட் டிசைட்.”

“நான் டிசைட் பண்ணித்தான் போட்டிருக்கிறன்,” என்றார் தாய்.

“அம்மா, பதினேழு வருசம்.”

“இருக்கட்டும்.”

“வெடிங்குக்கு ட்ரோன் வீடியோ வேண்டாமெண்டு நிப்பாட்டினீங்கள், ஃபைன். ஃபொட்டோக்காரன் அதை ஃப்ரீயாத்தான் தந்தவன், நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. அப்பான்ர குரல் எனக்கு ஞாபகமில்லை அங்கிள், வண்டின்ர சத்தம் ஞாபகமிருக்கு. ஹவ் ஃபக்ட் அப் இஸ் தட்?”

“வாயை அடக்கு. அண்ணை முன்னால.”

“சொறி அங்கிள்.”

தாய் கைப்பையைத் திறந்தார். பணப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வங்கி அட்டையைவிடச் சற்றுப் பெரியது. லமினேட் செய்த பத்திரிகைத் துண்டு. மகள் அதைக் கண்டதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ முறை பார்த்தது என்று தெரிந்தது.

“அண்ணை, நீங்கள் பேப்பர்க்காரர். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். அவருடைய கணவர் இயக்கத்தில் இருந்தவரல்ல. ஒரு தளபதியின் வாகனத்தைச் சம்பளத்துக்கு ஓட்டியவர். அந்த வாகனத்துக்கு இரண்டு சாரதிகள். மற்றவர் இயக்கப் பெடியன். போரின் கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்பு, ஒரு நாள் காலை, பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் கிபிர் வந்தது. தளபதியின் வாகனம் அடிபட்டது. இயக்கம் பெயர்களை அறிவித்தது: தளபதியும் அவரோடு மூவரும். மொத்தம் நாலு பேர். மூவரில் ஒருவர் அந்த மற்றச் சாரதி. இவருடைய கணவரின் பெயர் இல்லை. ஆளும் வீட்டுக்கு வரவில்லை.

“இயக்கம் தன்ர ஆக்களைத்தான் எண்ணும்,” என்றார். “அதைப் பாத்து நான் நம்பேல்லை. சம்பளத்துக்கு ஓடினவனை விட்டிருப்பினம் எண்டுதான் நினைச்சன். ஆனா பேப்பர் எல்லாரையும் எண்ணும். சண்டை முடிஞ்சு முகாமால வெளியில வந்த பிறகு வவுனியாவில அக்கா இதைத் தந்தவ. கொழும்புப் பேப்பர். இதிலயும் நாலுதான் கிடக்கு. ரெண்டு பக்கமும் நாலு. ஒரு வாகனத்துக்கு ரெண்டு சாரதி எதுக்கு? இவர் அதில ஏறேல்லை. வழியில எங்கையோ ஆமியிட்டப் பிடிபட்டிருக்கிறார்.”

துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பு, எட்டு வரிச் செய்தி. பத்திரிகையின் பெயரும் திகதியும் வெட்டும்போது போய்விட்டன. தலைப்பு: ‘விமானத் தாக்குதலில் தளபதி உட்பட நால்வர் பலி.’ மூன்றாவது வரியில், ‘ஆளற்ற வேவு விமானம் இரு தினங்களாக அப்பகுதியைக் கண்காணித்த பின்னரே’ என்று இருந்தது.

அந்த நாட்களில் கொழும்பின் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அது ஆளில்லா விமானம். அவற்றில் ஒன்றில் நான் வேலை செய்த செய்தி மேசையிலும் அப்படித்தான். ஆளற்ற என்று எழுதியவன் நான் ஒருவன்தான். காரணம் ஒன்றுமில்லை, தலைப்பில் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்பதைத் தவிர. தலைமை உதவி ஆசிரியர் இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“என்ன அண்ணை?”

“சின்ன எழுத்து. கண்ணாடி மாத்த வேணும்,” என்றேன். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். கார்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மகள் கைபேசியில் நேரத்தைப் பார்த்தாள். “நெக்ஸ்ட் வெட்னஸ்டே பிரிண்டுக்குப் போகவேணும் அம்மா, அதுக்குப் பிறகு லேட்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்வரை ஆறு நாட்கள்.

என் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி வலை அடித்த சாமான் அறை ஒன்று உண்டு. சனிக்கிழமை மத்தியானம் அங்கே போனேன். கொழும்பிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ் பழைய கார் ரயர்களுக்குக் கீழே இருந்தது. அதில் என் செய்திக் குறிப்புப் புத்தகங்கள் பதினொன்று. எதையும் எழுத முன்பு எண்களையும் இடங்களையும் தனியே குறித்துக்கொள்வது என் பழக்கம். ஆசிரியபீடத்தில் எண் பிழைத்தால் பதில் சொல்ல வேண்டியவன் எழுதியவன்தான்.

ஏழாவது புத்தகத்தில் கிடைத்தது. பென்சிலில் எழுதியிருந்தேன். பக்கத்தின் மேலே மாலை 3.20 என்று நேரம். கீழே தளபதியின் பெயரின் முதலெழுத்து, ஒரு கூட்டல் குறி, 4. பக்கத்தில் ‘இரு செய்தி நிறுவனங்களும்’. அதற்குக் கீழே ‘மூலம்: படைத்தரப்பு’. நாலின் அடியில் கோடு போட்டிருந்தேன். சரிபார்த்துவிட்டேன் என்பதற்கான அடையாளம்.

தளபதியும் நால்வரும். ஐந்து பேர். எண்ணைச் சரியாகக் குறித்து, கோடும் போட்டு, பிறகு தலைப்பை எழுதும்போது அவரை நால்வருக்குள் போட்டிருக்கிறேன். இடம் போதாமல் போனது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ‘ஐவர்’ ‘நால்வரை’ விடச் சிறிய சொல். மறுநாள் இயக்கத்தின் பட்டியல் வந்தபோது அதில் நாலு பெயர். என் தலைப்பிலும் நாலு. இரண்டும் பொருந்தியதால் மேசையில் யாரும் மீண்டும் பார்க்கவில்லை. பொருந்தாமல் இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

அந்த ஐந்தாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. படைத்தரப்பு சொன்ன எண் அது. அவர்கள் கூட்டிச் சொல்வது வழக்கம். ஐந்தாவது ஆள் இருந்திருந்தாலும் அவர் இவருடைய கணவர் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதையெல்லாம் கம்பிவலைக்குள் நின்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, சொல்லாமல் விடுவதற்கான காரணங்கள் நல்ல காரணங்களாகவே தெரிந்தன. அரை மணி நேரத்தில் மேலே வந்தேன். புத்தகத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறும் திங்களும் போயின. அவரை இரண்டு முறை தொலைபேசியில் அழைக்க எண்ணைத் தட்டினேன். இரண்டு முறையும் ஒலிக்க முன்பு நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. பேருந்துகள் பிந்தின. ஐந்து மணிக்கு, “வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்,” என்றேன். அவர் முன் ஆசனத்தில் ஏறினார். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நடை வேகத்தில் போயின. அவர் மண்டபத்து அலங்காரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மணவறைக்கு உண்மையான வாழைமரம் கட்டப்போகிறார்களாம், புளோரிடாவிலிருந்து வருமாம். “இஞ்ச வந்து இறங்கேக்க அதுக்கும் ஒரு ஜக்கெட் போட வேணும்,” என்று சிரித்தார். பிக்கரிங் வெளிவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். அவருடைய வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். முன்னறையில் விளக்கு எரிந்தது. மகளின் கார் நின்றது.

அவர் கதவில் கை வைத்தபோது சொன்னேன்.

“தங்கச்சி, அந்தச் செய்தி நான் எழுதினது.”

“எந்தச் செய்தி?”

“உங்கட பேர்சில இருக்கிறது.”

அவர் கையை எடுத்தார். நான் புத்தகத்தை எடுத்து உள்விளக்கைப் போட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நேரம், கூட்டல் குறி, நாலு, கோடு. போன புதன்கிழமை அவர் கண்டுபிடித்த அதே பிழை என்று சொன்னேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வைப்பர் பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்தது.

“அஞ்செண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“ரெண்டு ஏஜென்சி. ரெண்டும் ஆமி சொன்னதை வைச்சு.”

“ஆமிக்காரர் கூட்டித்தான் சொல்லுவாங்கள்.”

“ஓம். கூட்டியும் சொல்லியிருக்கலாம்.”

“அப்ப அஞ்செண்டதும் நிச்சயமில்லை.”

“இல்லை. ஆனா பேப்பர்க் கணக்கில நாலெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் மட்டும்தான் சொன்னனான்.”

அவர் புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் தன் மடியில் வைத்து விரலால் தடவினார். பென்சில் எழுத்து, அழிந்துவிடுமோ என்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முகாமால வந்த நேரம் அந்த இடம் அப்பிடியே கிடந்தது அண்ணை,” என்றார். “அடிபட்ட இடம். வாகனமும் கிடந்ததாம். பக்கத்திலயே எதையோ புதைச்சிருக்கு எண்டு சனம் சொன்னது. அக்கா என்னைப் போய்ப் பாக்கச் சொன்னவ. நான் போகேல்லை. ஏன் போக வேணும்? நாலு பேர்தானே. நாலு பேருக்கும் பேர் இருக்கு. அடுத்த வருசம் அதால ரோட்டுப் போட்டிட்டாங்கள்.”

நான் வைப்பரை நிறுத்தினேன்.

“நீங்கள் போட்டதை வைச்சுத்தான் நான் போகேல்லை.”

“ஓம்.”

“உங்களிட்ட நான் நல்லாக் கோவிக்க வேணும். இப்ப வருதில்லை. பிறகு வரும்.”

“வரட்டும்.”

“பிழை திருத்தம் போடமாட்டியளோ?”

அவர் பகிடி விடுகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அந்தப் பேப்பரே இப்ப இல்லை, தங்கச்சி. மூடிப் பல வருசம்.”

“பேப்பர் இல்லாட்டி என்ன. பிழை இருக்குத்தானே.”

புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். இறங்கி, பனியில் மகளின் கார்த் தடத்திலேயே கால் வைத்து நடந்து, கதவைத் திறந்து உள்ளே போனார். சிறிது நேரத்தில் முன்னறை விளக்கு அணைந்தது. பின்பக்க விளக்கு எரிந்தது. குசினியாக இருக்கலாம், சமைக்கும் நேரம்.

மறுநாள் புதன். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எட்டேகாலுக்கு வந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றாமலே போய் மேசையில் இருந்தார். பத்து மணிவரை பக்கங்களைப் பார்த்தார். எங்களுக்குள் வேலையைப் பற்றி மட்டும் பேச்சு. படம் பெரிது, தலைப்பு ஒரு சொல் குறையுங்கோ, ஐந்தாம் பக்கத்து விளம்பரத்தில் தொலைபேசி எண் பிழை.

முதலாளி இரண்டு முறை வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை, “என்ன, ரெண்டு பேரும் பொங்கலுக்குச் சண்டை பிடிச்ச அண்ணன் தங்கச்சி மாதிரிக் கிடக்கு?” என்றார். தங்கச்சி அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

அந்த வெள்ளைக் காரைப் பற்றிய தொடர்செய்தி அன்று வந்தது. தலைவருக்கு எங்கே இறுதி மரியாதை நடந்தது, எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், புதிய தலைவர் யார் என்று எல்லாம் இருந்தது. நால்வரின் பெயர்கள் வந்திருக்கின்றனவா என்று தேடினேன். வரவில்லை. நான் எழுதியதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவர் அதை எட்டாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வைத்தார். என் தலைப்பில் ‘தலைவரும் உடன் சென்ற நால்வரும்’ என்று இருந்தது. அதில் கை வைக்கவில்லை.

மூன்றரைக்கு, பக்கங்கள் போன பிறகு, என் மேசைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

“மெய்ப்புப் பாருங்கோ அண்ணை. எழுத்துப் பிழை ஒண்டும் இருக்கக்கூடாது. அம்பாறையில இருந்தெல்லாம் ஆக்கள் வாசிப்பினம்.”

கல்யாணக் கார்டு. வழக்கமாகச் செய்வது போலப் பேனாவை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் வைத்து வாசித்தேன். சுபமுகூர்த்தம், மண்டபத்தின் முகவரி, வாகனம் நிறுத்தும் இடம். மணமகனின் பெற்றோர், திரு, திருமதி. மணமகளின் பெற்றோர் வரிக்கு வந்தேன். தகப்பனின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று இருந்தது. எழுத்துகள் சரியாக இருந்தன. ‘தாரை வார்த்துக் கொடுப்பவர்’ என்ற இடத்தில் வவுனியாவிலிருந்து வரும் அக்காவின் கணவர் பெயர்.

“ஒராளும் குறையேல்லையே?” என்று கேட்டார்.

“இல்லை.”

தாளின் மூலையில் என் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, வந்தபோது போட்டிருந்த தொப்பியோடு பேருந்துக்குப் போனார். நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கார்டு அச்சகத்துக்குப் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அவர் வேலைக்கு வந்தார். தொப்பியை இரண்டு கையாலும் மேலே தூக்கிக் கழற்றினார். அதே குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.